டெம்பர் இன்ஜினியரும் இருமிய கொக்கியும்

இரும்பைப் புரிந்துகொண்ட மனிதர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். இரும்புக்கு மட்டுமே புரிந்த மனிதர் ஒருவர்தான். அவரோடு ஐந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவன் நான். அவர் பேசியதில் கால்வாசி எனக்கு விளங்கியிருந்தால் இன்றைக்கு நானே ஓர் உருக்காலை வைத்திருப்பேன்.

நாற்பதுகளின் ஆரம்பம். உலகமெல்லாம் யுத்தம். தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜென்சியில் நான் டைப்பிஸ்ட். பெரிய கப்பல்கள் கரைக்கு வர ஆழம் போதாமல் தூரத்திலேயே நின்றுவிடும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தோணியில் மூட்டை இறக்கக் கடல்பாலத்தில் ஒரு கிரேன். அந்தக் கிரேன் உயிரை விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பட்டறை. அந்தப் பட்டறைக்கு இன்ஜினியராக வந்து சேர்ந்தார் அவர். சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். வடக்கே ஒரு பெரிய உருக்காலையில் பத்து வருஷம் இருந்தவர். அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அங்கன இரும்பு ஜாஸ்தி, தம்பி."

உருக்காலையில் இரும்பு ஜாஸ்தியாக இல்லாமல் இட்லியா ஜாஸ்தியாக இருக்கும்? ஒரு வாரம் யோசித்தேன். விளங்கவில்லை.

அவருக்கு டெம்பர் என்று பேர் வைத்தது பட்டறை ஆட்கள். உருக்கைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கெட்டிப்படும். கூடவே கண்ணாடி மாதிரி உடையவும் தயாராகிவிடும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள். அதுதான் டெம்பர். இவரோ எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லைத்தான் போடுவார். "காப்பியில டெம்பர் இல்ல" என்பார். "உம்ம சம்சாரம் ஊர்லருந்து வந்தாச்சா? டெம்பர் எப்படி?" என்பார். இங்கிலீஷில் டெம்பர் என்றால் கோபம் என்றும் அர்த்தம். புதிதாக வந்த மானேஜர் துரை, இந்த ஆள் பொல்லாத கோபக்காரன் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, எப்போதும் இரண்டு கஜம் தள்ளி நின்றே பேசினார். உண்மையில் டெம்பர், தன் மேஜையில் உட்கார்ந்த காக்காயைக்கூட, "கொஞ்சம் அங்கிட்டு" என்று கேட்டுக்கொள்கிற ஜாதி.

அவருடைய கண்டுபிடிப்புகள் தனி ரகம். கடற்காற்றில் துருவே பிடிக்காத உருக்கு என்று ஒன்றைக் காய்ச்சி, அதில் உப்பளத்துக்கு மண்வெட்டி செய்தார். பளபளவென்று முகம் பார்க்கலாம். ஒரு மாதம் கழித்து உப்பளத்திலிருந்து ஓர் அம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, துரு பிடிக்கலதான். உப்பும் பிடிக்க மாட்டேங்கு. அள்ளுத உப்பெல்லாம் வழுக்கிட்டு ஓடுது."

"அப்ப ஜெயிச்சாச்சு!" என்றார் இவர். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

அடுத்தது ஹெட்கிளார்க்குக்காக, பழைய லாரி ஸ்பிரிங்கில் செய்த நாற்காலி. அவர் கனத்த சரீரி. எழுந்திருக்கச் சிரமப்படுவாரே என்று, பின்னாலிருந்து மெல்லத் தூக்கிவிடும்படி டெம்பர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு அவர் எடைக்கு. அதில் முதலில் உட்கார்ந்ததோ குச்சி மாதிரி இருந்த தபால் குமாஸ்தா. மனுஷன் பறந்துபோய் பீரோமேல் விழுந்தான். கீழே இறங்கியதும், தான் ராஜினாமா செய்ய வேண்டுமா, நாற்காலி ராஜினாமா செய்யுமா என்று கேட்டான்.

வரைபடம் வரையக் காகிதம் தேட மாட்டார். சுவர், தரை, கையில் எது அகப்படுகிறதோ அது. ஒருநாள் என் முதுகில் ஏதோ சுருசுருவென்றது. திரும்பினால் சாக்பீஸோடு நிற்கிறார். சாயந்திரம் வீடுவரை பின்னாலேயே ஓடிவந்து, "தாயி, இந்தச் சட்டையைத் தொவைச்சிராத!" என்று என் மனைவியிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவளுக்கு என்னைக் கட்டிக்கொண்டது சரிதானா என்று அன்றைக்குத்தான் முதல் சந்தேகம்.

இப்படி இருக்கையில் கிரேன் கொக்கி தேய்ந்துபோயிற்று. சீமையிலிருந்து புதுசு வரவேண்டும். யுத்தத்தில் கொக்கிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? நீயே செய் என்றார் துரை. உடைந்த கப்பல் ஒன்றின் பழைய இரும்புத் தண்டு கரையில் கிடந்தது. டெம்பர் அதைக் காய்ச்சி, அடித்து, வளைத்து, சுறா எண்ணெயில் முக்கினார். கடற்கரைப் பூனைகள் அத்தனையும் ஒரு வாரம் பட்டறை வாசலில் குடியிருந்தன. துரையோ எதையும் கேட்காமல் வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்து, துறைமுக அதிகாரிகளை வரவழைத்து, மாலையும் வாங்கிவிட்டார்.

அன்று காலை கடல்பாலத்தில் நல்ல கூட்டம். இருபது உப்பு மூட்டையை ஒரே வலையில் கட்டித் தொங்கவிட ஏற்பாடு. கீழே தோணியில் சுமையை வாங்க எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவர் மணப்பாட்டுச் சூசை மேஸ்திரி. டெம்பர் மாலையும் கழுத்துமாக வந்து, சின்னச் சுத்தியால் கொக்கியை ஒரு தட்டுத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். முகம் செத்துப்போயிற்று.

"சூசை, இது வேண்டாம்."

"எது வேண்டாம், ஐயா?"

"நேத்து பாடிச்சு. இன்னைக்கு இருமுது."

சூசை என்னைப் பார்த்தார். துரையும் என்ன சொல்கிறான் என்று என்னைத்தான் கேட்டார். கொக்கி இருமுகிறதாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். இரும்பாவது, இருமுவதாவது! ஆளுக்குத்தான் இருமல் என்று துரை எடுத்துக்கொண்டார். ஆபீசிலிருந்து இருமல் மருந்து வந்தது. துரையே கையால் ஊற்றிக் கொடுக்கிறாரே என்று டெம்பரும் மரியாதையாக இரண்டு கரண்டி குடித்தார். குடித்துவிட்டு விடுவிடுவென்று படியிறங்கித் தோணிக்குள் போய், சுமை இறங்க வேண்டிய இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல எம்மேல இறக்குங்க! இவனுவ வேண்டாம்!"

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கொக்கி செய்தவரே கொக்கிக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் செய்தால் யாருக்குப் புரியும்? சூசை குனிந்து அவரைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவரின் முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"எனக்கும் ஒண்ணும் விளங்கலை," என்றார் சூசை. "ஆனா செஞ்ச மனுசரே நடுங்குதாரு. எம் ஆளுவ கீழ நிக்க மாட்டானுவ. ஏலே, ஏறுங்கலே மேல!"

எட்டுப் பேரும் ஏறினார்கள். டெம்பரை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவந்தார்கள். துரைக்கு முகம் சிவந்தது. காலித் தோணியிலேயே இறக்கு என்று கத்தினார்.

கிரேன் தூக்கியது. சுமை மேலே போனது. அழகாகத் திரும்பித் தோணிக்கு நேராக நின்றது. பார்த்தாயா என்று துரை டெம்பர் பக்கம் திரும்பினார். 'ணங்' என்று ஒரு சத்தம், கொக்கி இரண்டு துண்டு. அவ்வளவுதான். இருபது மூட்டையும் தோணியின் அடிப்பலகையைப் பிளந்துகொண்டு கடலுக்குள் போய்விட்டன.

 டெம்பர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "கேட்டியா? இருமுச்சா இல்லியா? கேட்டியா?" சிறுபிள்ளை மாதிரி சந்தோஷம். அப்புறம் முழுகுகிற தோணியைப் பார்த்தார். பாலத்தில் வரிசையாக நின்ற எட்டுப் பேரையும் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"டெம்பர் பண்ண இன்னும் ரெண்டு நாள் கேட்டிருக்கணும். துரை தேதி வச்சிட்டாருன்னு வாயை மூடிட்டேன். தப்பு எம்மேலதான்."

அவர் சொல்லி எனக்கு முழுசாக விளங்கிய ஒரே பேச்சு அதுதான். சூசை தலைத்துண்டை அவிழ்த்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். "எட்டுப் பேரும் நிக்கானுவல்லா ஐயா, போதும்," என்றார்.

மறுநாள் துரைக்குப் பெரிய குழப்பம். கெட்ட கொக்கி செய்தவனைத் தண்டிக்க வேண்டும். கெட்ட கொக்கியைக் கண்டுபிடித்தவனைப் பாராட்ட வேண்டும். இரண்டும் ஒரே ஆள். ஆபீஸ் ஒழுங்கை எங்கேயும் விட்டுக்கொடுக்காதவர் என்பதால் இரண்டு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். ஒன்று மெமோ, ஒன்று பாராட்டு. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். டெம்பர் மெமோவை நிதானமாகப் படித்து, "இது சரி," என்று கையெழுத்துப் போட்டார். பாராட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இது யாருக்குப்பா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது கொக்கியை, தேதியைப் பற்றி யாரும் மூச்சுவிடாமல், பதினோரு நாள் பதப்படுத்தினார். தினமும் காலையில் சூசையைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டுவார். சூசையும் பெரிய வித்துவான் மாதிரி கண்ணை மூடிக் கேட்டு, "பாடுது ஐயா," என்பார். அவருக்கு என்ன கேட்டதோ! அந்தக் கொக்கி யுத்தம் முடிந்த பிறகும் மூட்டை தூக்கியது.

யுத்தம் முடிந்ததும் பழைய உருக்காலையே அவரைத் திரும்பக் கூப்பிட்டது. ரயிலேற்றிவிடப் பட்டறையே வந்திருந்தது. போங்கள், அங்கேதான் உங்கள் அருமை தெரியும் என்றேன். "இங்கன மனுசன் ஜாஸ்தி, தம்பி," என்றார். இதற்கும் அர்த்தம் கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவருக்குப் பதிலாக வந்த இன்ஜினியர் ரொம்பக் கெட்டிக்காரர். காகிதத்தில்தான் படம் வரைவார். சொன்னது சொன்னபடி விளங்கும். ஆபீசில் எல்லாமே ஒழுங்காகப் புரிய ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் வேலைக்குப் போகவே பிடிக்கவில்லை.