மெத்தைக்கு வந்த வலி

"மாத்திரை கொடுத்தா வலி பயந்துபோய் உடம்புக்குள்ள ஒளிஞ்சுக்குமாம். அவரே சொல்லிட்டாரு!"

"ஒளிஞ்சுக்கட்டுமே! நமக்கு அதுதானே வேணும்?"

"வாயைக் கழுவு! அப்பாவோட வலியைத் தாங்குறவரைப் பத்திப் பேசுற!"

மூன்றாம் மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சத்தம் முதல் மாடி வரை கேட்டது. நமக்கு ஏன் வம்பு என்று எல்லாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

சங்கதி இதுதான். அவளுடைய மாமனாருக்கு எலும்பு வரை பரவிய புற்றுநோய். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் மார்ஃபின் என்ற வலி மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை வந்துபோகும் நர்ஸ், "முகத்தைப் பார்த்துக் கொடுக்காதீங்க, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். மருமகள் அப்படியே கொடுத்தாள், பெரியவரும் தூங்கினார். மகனுக்குத்தான் உள்ளூரப் பயம்: அப்பா மாத்திரைக்கு அடிமையாகிவிட்டால்? பயம் குடியிருக்கும் வீட்டின் முகவரி சிலருக்குத் தானாகவே தெரியும். வந்து சேர்ந்தார் வலிதாங்கி.

இடிதாங்கி இடியை வாங்குகிற மாதிரி இவர் வலியை வாங்குவாராம். நோயாளியைத் தலை முதல் கால் வரை போர்வையால் மூட வேண்டும். யாரும் தொடக் கூடாது; ஒட்டிக்கொள்ளும். வலிதாங்கி கால்மாட்டில் நின்று, நோயாளிக்குப் பதிலாக அலறுவார். மாத்திரையா? மூச்! மகன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மாடிப்படி கொள்ளாத கூட்டம். "நேத்து என்ன அலறல்! நமக்கே வலிச்சாக்கூட அப்படி அலற வராது" என்று மேல்வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் முனகவே இல்லை. எல்லாருக்கும் புல்லரித்தது. துணி துவைத்த மருமகளுக்குத்தான் அவருடைய துண்டு கண்ணில் பட்டது. முனை முழுக்கப் பல் பதிந்து கிழிந்திருந்தது.

"என்ன மாமா இது?"

"முனகினா வலி ரெண்டு மடங்கா திரும்பி வரும்னு அந்த ஆளு சொன்னாம்மா. அதான் கடிச்சுக்கிட்டேன். பையன்கிட்ட சொல்லிடாத. பாவம், நம்பிக்கிட்டு இருக்கான்."

மறுநாள் காலை அவள் மாமனாரை மெல்லச் சக்கர நாற்காலிக்கு மாற்றிச் சமையலறைக்குத் தள்ளிப்போனாள். கட்டிலில் ஒரு சுருட்டிய மெத்தையைக் கிடத்திப் போர்வையை இழுத்து மூடினாள்.

வலிதாங்கி வந்தார். கண்ணை மூடினார்.

"ஐயோ! இடுப்பு! இடுப்பைப் பிளக்குதே! இன்னிக்கு ரொம்ப முத்திப்போச்சு!"

துள்ளினார், உருண்டார். கூட்டம் கைகூப்பியது.

சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், எனக்கு இங்க உயிர் போகுது. அங்க அவரு யாரோட வலியை எடுக்குறாரு?"

மருமகள் போர்வையை உருவினாள். கோடு போட்ட மெத்தை, சாதுவாகப் படுத்திருந்தது.

வலிதாங்கி அசரவில்லை. "பார்த்தீங்களா? வலி மெத்தை வரைக்கும் இறங்கிடுச்சு!"

மேல்வீட்டம்மா முண்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க வீட்டு மெத்தையையும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன்."

மகன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். அலமாரியைத் திறந்து அப்பாவுக்கு மாத்திரையைக் கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பெரியவர் செய்தித்தாள் கேட்டார்.

அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். நோய் போகவில்லை, ஆனால் வலித்தால் வலிக்கிறது என்று சொன்னார், கடிகாரம் பார்த்து மாத்திரை வந்தது. பிறகு மகனும் மருமகளும் வேறு தெருவுக்குக் குடிபோனார்கள். வலிதாங்கி, மேல்வீட்டம்மாவின் தங்கையைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டே போனார். போன இடத்தில் இன்னும் பெரிய கூட்டமாம்.

கும்பிட இரண்டு கை வேண்டியிருக்கிறது. போர்வையைத் தூக்க ஒரு கை போதும்.