பெல்ஸ்பி ஊர்ப் பங்காளி

சொந்தபந்தம் இல்லாதவன் கையில் இன்டர்நெட்டைக் கொடுக்கக்கூடாது. அப்பா இறந்த மறுவருடம் நான் அதை நிரூபித்தேன்.

என் பெயர் அருள்ராஜ் பெல்ஸ்பி. கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரத் துரையின் சமையல்காரர். ஞானஸ்நானத்தின்போது துரையின் பெயரையே வைத்துக்கொண்டார். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெயருக்கு மைசூரில் மிஞ்சியது நான் ஒருவன்தான். கோவிலுக்குப் போய்வந்தால் ஞாயிறு முழுக்கப் பேச ஆள் கிடையாது. அப்படி ஒரு ஞாயிறில்தான், இங்கிலாந்தில் பெல்ஸ்பி என்றே ஒரு குக்கிராமம் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெயரைத்தானே இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறார்கள்? அப்படியானால் அந்த ஊர் முழுக்க பெல்ஸ்பிகள்! (என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.) ‘உங்கள் மைசூர் உறவினன்’ என்று கையெழுத்துப் போட்டு ஊர் மன்றத்துக்கு மெயில் அனுப்பினேன். வீடியோவில் பேசலாம் என்று பதிலும் வந்துவிட்டது.

சொன்ன நாளில் மாலை நாலு மணிக்கே கோட்டு, டை, தட்டு நிறைய மைசூர்பாகு (போனில் எப்படிக் கொடுப்பாய் என்று கேட்காதீர்கள்). பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா (தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர்) குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். திரையில் ஏழெட்டு முதியவர்கள் டீக் கோப்பையோடு கையசைத்தார்கள்.

“ஏனுங் தம்பி, இத்தன பேரும் உங்க சொந்தமுங்களா?”

“எல்லாரும் பங்காளிங்க அக்கா.”

ஒவ்வொருவராகப் பெயர் கேட்டேன். ஒருவர்கூட பெல்ஸ்பி இல்லை. மன்றத்துச் செயலாளர் அம்மாள் சங்கடத்தோடு இங்கிலீஷில் விளக்கினார். நான் மழுப்புவதற்குள், காலேஜ் படிக்கும் செல்வி அக்காவின் மகள் அதை அட்சரம் பிசகாமல் தமிழாக்கிவிட்டாள்.

“அந்தப் பேர்ல அங்க யாருமே இல்லியாம், அம்மா. ஊர விட்டுப் போனவங்களத்தான் வெளியூர்க்காரங்க ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம்.”

திரையில் இருந்த ஒரு பெரியவர் பண்போடு, மைசூரில் மழையா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

போனை அணைத்தபோது எனக்கு அழுகை வந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு அழக் கூச்சமாக இருந்தது.

“உடுங் தம்பி,” என்றார் செல்வி அக்கா. “எங்கூட்டுப் பங்காளிங்களே மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங். அந்தத் தட்ட எடுத்துக்கிட்டு வாங்க.”

இப்போது அவர்கள் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் திரையில் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்; போன மாதம் பங்காளிகள் முப்பது பேர் ஆகிவிட்டார்கள். நான் திருத்துவதில்லை. கதை நீண்டால் எனக்கு நல்லதுதான். முடிந்ததும் எழுந்துபோய் என் வீட்டுப் பூட்டைத் திறக்கவேண்டும்.