கால்சியம் இல்லாத புட்டி

பத்து முட்டைகளில் இரண்டு முதிர்ந்திருந்தன. ஒன்றுகூட முதிர்ந்திருக்கக் கூடாது.

ஆராய்ச்சிக்காரி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள், மறுபடி வைத்தாள். அதே இரண்டு.

நட்சத்திர மீனின் சினைப்பைச் செல்களுக்கு ஹார்மோன் சேதி சொல்லும். உடனே முட்டைகள் முதிரும். சுற்றியுள்ள நீரில் கால்சியம் இல்லையென்றால் அந்தச் சேதி எடுபடாது. மூன்று வருடமாக அவள் சாதித்துவந்தது இதைத்தான். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழுவின் முன் நிரூபித்தாக வேண்டும். அதற்காகத்தான் கால்சியம் சேர்க்காத கடல்நீர்ப் புட்டியில் முட்டைகளையும் ஹார்மோனையும் இட்டு இரவு முழுக்க வைத்திருந்தாள்.

"யாரோ புட்டியை மாத்தி வச்சிருக்காங்கம்மா," என்றார் பேராசிரியர். "நீ எறும்பு சைசுல 'கால்சியம் இல்லை'ன்னு எழுதினா யார் கண்ணுக்குத் தெரியும்?"

கடல்நீரைப் புதிதாகக் கலந்து, வேறு பத்து முட்டைகளை இட்டாள். 'கால்சியம் கொஞ்சமும் இல்லை' என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போனாள்.

காலையில் ஐந்து முதிர்ந்திருந்தன.

எல்லோரையும் கேட்டுப் பார்த்தாள். யாரும் புட்டியை மாற்றவில்லை. விந்தி விந்தித் தரை துடைத்த அக்காகூட, "மாத்துவேனா கண்ணு?" என்று பதறிப்போனாள்.

அன்று மறுபடி புதிதாகக் கலந்து, சிவப்பு மசியில், 'ஐயோ! கால்சியம் அறவே இல்லை!!' என்று எழுதி ஒட்டினாள்.

வியாழன் காலை, பத்துக்குப் பத்து.

புட்டியை முகர்ந்தால் ஆரஞ்சு வாசனை அடித்தது. கண்தான் போச்சு, மூக்குமா? கணவனுக்குப் போன் செய்தாள்.

"கால்சியம் இல்லாமலே சேதி போய்ச் சேருதுங்க!"

"அதிர்ஷ்டக்கார மீனு. நான் சொல்றது எதுவும் உங்கிட்ட சேர்றதில்லையே."

போனை வைத்தாள். மூன்று வருடமாகத் தன் பிடிவாதத்தைத்தான் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தோமோ? ஒருவேளை அந்த மீனுக்கு இருக்கிற தெளிவுகூடத் தனக்கு இல்லையோ? மூக்கை உறிஞ்சியபடி சிவப்புச் சீட்டைப் பிய்க்கப் போனாள்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா மெல்லக் கிட்டே வந்தாள்.

"அழாத கண்ணு, மொத நாள் 'இல்லை'ன்னு எழுதினே, டாக்டர் என் முட்டிவலிக்குக் குடுத்த ஆரஞ்சு வாசன கால்சியம் மாத்திரையில ஒண்ணு கரைச்சேன், 'கொஞ்சமும் இல்லை'ன்னதும் மூணு போட்டேன், நேத்து நீ 'ஐயோ'ன்னு கதறினதும் டப்பாவையே கவுத்துட்டேன்... இன்னுமா பத்தல?"