முன் ஸஃப்பில் பூசிய மருந்து

படித்தவனுக்குத் தன் படிப்பை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகத் தெரியாது. நான் என்னுடையதை ஜுப்பாப் பையில் போட்டுக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்கே போனவன்.

அப்போது நான் இரசாயனவியல் ஆராய்ச்சி மாணவன். விற்றமின் ஈயின் நீளமான வாலை நறுக்கிவிட்டு வேறொரு வாலை ஒட்டவைப்பதுதான் வேலை. உடம்பின் கலங்கள் ஒட்சிசனால் பழுதாகாமல் காக்கும் மருந்தாக அது ஒருநாள் வரலாம் (வரலாம் என்றுதான் சொன்னேன்). ஒரு வருஷம் குடுவையோடு மல்லுக்கட்டியதில் கிடைத்தது, சின்ன மண்ணிறக் குப்பியில் கொஞ்சம் மஞ்சள் எண்ணெய். அதைக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அது தொலைந்தால் என் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்முனையில் பஸ் ஏற வேண்டும். அதுவரை வீட்டில் வைத்தால் உம்மா கழுவிக் கவிழ்த்துவிடுவார். ஆகவே பள்ளிக்குக் கொண்டுபோனேன். பெரிய அறிவாளி.

முன் ஸஃப்பில், அதாவது தொழுகையின் முதல் வரிசையில், இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு ஹாஜியார். அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளையாக முதுகை நிமிர்த்தி இருந்தேன். அவர் தன் அத்தர்க் குப்பியைத் திறந்து என் புறங்கையில் தடவிவிட்டார். தடவியவருக்குத் திருப்பித் தடவுவதுதான் எங்கள் மரியாதை. என் பையில் எட்டிப் பார்த்த குப்பியை அவர் கண்டுவிட்டார்.

"உங்கட அத்தரையும் காட்டுங்களன் மகன்" என்று அவரே எடுத்துக்கொண்டார்.

இது அத்தர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கதீபு மேடையேறி குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். குத்பா நடக்கும்போது பேசக் கூடாது. பேசுகிறவனைப் பேசாதே என்று சொல்லவும் கூடாது. (அத்தர் பூசிக்கொண்டிருப்பதும் சரியில்லைதான். ஆனால் கைக்கு வந்த அத்தரை விட யாருக்கு மனம் வரும்?)

ஹாஜியார் தடவினார், மோந்தார். ஒரு வாசமும் இல்லை. மருமகனாக வரப்போகிறவனின் அத்தரைக் குறை சொல்ல முடியுமா? மெச்சுவதுபோல் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். ஹாஜியாரே மெச்சியதால் அவரும் மெச்சினார்; குப்பி வரிசை நெடுகக் கைமாறிப் போனது. நான் கண்ணால் கெஞ்சினேன், கையை ஆட்டினேன். எனக்கு நெஞ்சடைப்பு என்று நினைத்து, பின்னால் இருந்தவர் முதுகைத் தடவிவிட்டார்.

தொழுகை முடிந்து குப்பி திரும்பி வந்தபோது அதில் ஒரு சொட்டும் இல்லை. எல்லோரையும் கை கழுவச் சொல்லிவிட்டு, நடந்ததை ஹாஜியாரிடம் ஒப்புவித்தேன். அவர் தன் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வருஷமாப் பட்ட பாட்ட, கேட்டவனுக்கெல்லாம் குடுத்திட்டு இரிக்கிற புள்ள, என்ட மகளப் பசியில போடமாட்டான்" என்றார்.

அன்று பின்னேர அஸர் தொழுகைக்குள் கலியாணம் முடிவாகிவிட்டது.

மறுபடி ஒரு வருஷம் இருந்து அதே எண்ணெயைச் செய்தேன். சாதாரண விற்றமின் ஈயைவிட இதில் விசேஷம் ஒன்றுமில்லை என்று கொழும்பிலிருந்து முடிவு வந்தது. (இப்போது வேறு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், சந்தோஷமாகத்தான்.) மாமாவாகிவிட்ட ஹாஜியார் மட்டும் அந்த முடிவை ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டு புறங்கைகளையும் நீட்டுவார்.

"இது மருமகன்ட மருந்து பட்ட கை. இது படாத கை. பாருங்க."

இரண்டும் ஒரே மாதிரித்தான் சுருங்கியிருக்கின்றன. வந்தவர்கள் அவர் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தபடி குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஓம் ஹாஜியார், நல்லா வித்தியாசம் தெரியுது" என்கிறார்கள்.