வச்சலாவின் ஒன்பதரை நிமிடம்

வச்சலாவின் காதை டாக்டர் பிடித்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

அவளுக்கு முன்னால் உட்கார்ந்த பதினோரு பேரில் யாருக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. இருசப்பனுக்கு மூன்று. அவன் மாமியாருக்கு இரண்டரை. வச்சலாவுக்கு மட்டும் முடிகிற வழியைக் காணோம். அவள் புருஷன் நீலமேகம் எதிரே ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அவள் கழற்றிக் கொடுத்த கம்மலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, டாக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நீளமான விரல்கள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். சோப்பு வாசனை வேறு அடிக்கும் என்று நினைத்து, அவன் தன் இன்னொரு கையை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

சதுரங்கப்பட்டினத்து வலைக் கொட்டகையில் வியாழக்கிழமைதோறும் இந்தக் காது பிடிக்கும் வைபவம் நடந்தது. டாக்டர் பார்த்தசாரதி செங்கற்பட்டிலிருந்து ஜீப்பில் வருவார். ரத்தம் உறைவதைப் பற்றி ஆராய்ச்சி. காயத்தில் ரத்தம் உறைந்தால் ஆள் பிழைப்பான், இருதயத்துக்குப் போகிற குழாயில் உறைந்தால் ஆள் போய்விடுவான் என்று முதல் நாளே விளக்கியிருந்தார். பனி தேசத்தில் மீனை மட்டுமே தின்று வாழ்கிறவர்களுக்கு ரத்தம் மெதுவாக உறைகிறதாம், மாரடைப்பும் குறைவாம். அது நம் ஊர் மீனுக்கும் பொருந்துமா என்று பார்க்க இந்தக் குப்பத்து ஜனங்களையும், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பயிர்க்காரர்களையும் எடுத்திருந்தார்.

காரியம் சுலபமானதுதான். காது மடலின் கீழே சின்னதாக ஒரு குத்து. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ரத்தத்தை வட்டக் காகிதத்தில் ஒற்றி எடுப்பார். பொட்டு விழாமல் நின்றதும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நேரத்தை எழுதிக்கொள்வார். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தப்பும், உட்கார்ந்திருப்பவர் படபடத்தாலும் தப்பும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் அதே சட்டம்.

நீலமேகத்துக்குக் காது குத்துவதைவிட இது பெரிய தண்டனை. கரையில் மீனை ஏலம் எடுத்து செங்கற்பட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வியாபாரி அவன். அலைச் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் பிழைப்பு. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரலை இறக்கி வைக்க அவனுக்குத் தெரியாது. விடிந்ததும் பேச ஆரம்பித்தால் பாயில் விழும்வரை நிறுத்த மாட்டான். பேச்சும் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றித்தான். பஸ் கண்டக்டர் வச்சலாவிடம் சில்லறை கொடுத்தபோது ஏன் பல்லைக் காட்டினான்? தையல்காரன் ரவிக்கைக்கு ஏன் இரண்டு தடவை அளவு கேட்டான்? ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல் நன்றாக இருக்கிறது என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் செய்தி கிடையாது.

அப்படிப்பட்டவன் ஏழு நிமிடமாக வாயைக் கட்டிக்கொண்டு, இன்னொரு ஆண்பிள்ளை தன் பெண்டாட்டியின் காதைப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைவிடக் கொடுமை, வச்சலா கண்ணை மூடியிருந்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததில்லை.

ஏழரை நிமிடத்தில் ரத்தம் நின்றது.

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. போன வாரம் இதே அம்மாவுக்கு நான்கு நிமிடம்தானே என்று நோட்டைப் புரட்டினார். "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

வச்சலா வாயைத் திறப்பதற்குள் நீலமேகம் முந்திக்கொண்டான். ஏழரை நிமிடமாக அடைபட்டிருந்த வாய் அது. "அவளுக்கு இன்னாத்துக்கு மருந்து டாக்டரே? கல்லு மாதிரி கீறா."

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். இந்த விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். முதல் வாரம் வச்சலாவுக்கு முன்னால் உட்கார்ந்த தனகோடியைக் குத்தாமலே எழுப்பி அனுப்பிவிட்டார். பல்வலிக்காக அவன் பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தான். அந்த மாத்திரை ரத்தத்தைச் சீக்கிரம் உறைய விடாது, மாரடைப்பைத் தடுக்க அதையே கொடுக்கலாமா என்று வெளிநாட்டில் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆகையால் பத்து நாள் கழித்து வா என்றார். வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற ரொட்டிப் பாக்கெட் தனக்கு மட்டும் இல்லாமல் போன ஆத்திரத்தில், தனகோடி ஜீப்பின் சக்கரத்தை உதைத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே நீலமேகம் ஆரம்பித்தான்.

"அங்க இன்னா சிரிப்பு உனுக்கு?"

"காதுல ரத்தம் ஊத்துது. நான் எங்கய்யா சிரிச்சேன்?"

"ஒதட்டுல சிரிச்ச. நான் பாத்துகினுதானே இருந்தேன். அந்தாளு ஏழர நிமிசம் உன்னியே பாத்துகினு இருந்தான்."

"அவுரு கடியாரத்தப் பாத்துகினு இருந்தாரு" என்று சொல்லிவிட்டு வச்சலா ரொட்டியைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

போகாதே என்று சொல்லிவிடலாம். ஆனால் குப்பம் முழுக்க ஒத்துழைக்கும் என்று ஊர்த் தலைவர் பக்தவச்சலம் டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் ஒருத்தியை மட்டும் நிறுத்தினால், நீலமேகத்துக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம் என்று ஊர் சொல்லும். ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதை இவனே ஊர்ஜிதம் செய்ய வேண்டுமா? ஆகவே அவளை நிறுத்தாமல், அவள் ரத்தத்தை நிறுத்துவது என்று முடிவு செய்தான்.

மீன்தானே காரணம்? மீனை நிறுத்தினான். மறுநாளிலிருந்து அடுப்பில் கத்திரிக்காய் சாம்பார் கொதித்தது. மீன் வியாபாரி வீட்டில் மீன் வாசனை இல்லை என்ற சேதி குப்பம் முழுக்கப் பரவி, வியாபாரம் நொடித்துவிட்டதா என்று மூன்று பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள். இருசப்பன் தன் பங்குக்கு இரண்டு சங்கரா மீனைக் கொண்டுவந்து, கூச்சப்படாதே என்று சொல்லி வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வியாழக்கிழமை எட்டரை நிமிடம்.

மீனே தின்னாமல் எட்டரையா என்று டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இந்த அம்மாவை வாரம் ஒரு தடவை பார்த்தால் போதாது, இனிமேல் திங்கட்கிழமையும் வருகிறேன் என்றார். வச்சலா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் தேவைக்கு மேல் சந்தோஷம் இருந்ததாக நீலமேகத்துக்குப் பட்டது.

அவன் விடுவதாக இல்லை. ரத்தத்தைக் கெட்டியாக்க எது நல்லது என்று மார்க்கெட்டில் நாலு பேரை விசாரித்தான். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். அவன் நாலையும் வாங்கினான். காலையில் பேரீச்சம்பழம், மத்தியானம் ஆட்டு ஈரல், சாயங்காலம் முருங்கைக்கீரை, நடுநடுவே பீட்ரூட். இவ்வளவையும் அவனே கூட உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தான். தின்கிற நேரம் முழுக்க டாக்டரைப் பற்றியே பேசினான். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகியிருந்தால் பெண்டாட்டி ஏன் கூட வரவில்லை, ஆகவில்லை என்றால் ஏன் ஆகவில்லை?

பத்து நாளில் வச்சலாவின் கன்னம் உப்பிப் பளபளவென்று ஆகிவிட்டது. டாக்டரே அதைக் கவனித்து, முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறதே என்றார். சொந்தக் காசைப் போட்டு ஈரலும் பழமும் வாங்கிக் கொடுத்து, அவர் கண்ணுக்கு நாமே அழகு பண்ணி நிறுத்திவிட்டோமே என்று நீலமேகம் ஐஸ் பெட்டி மேல் குமைந்துகொண்டிருந்தான். வாயைத் திறக்கவும் முடியாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒன்பதரையில் போய் நின்றது.

கடைசியில் அவன் தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். நமக்கும் அதே சாப்பாடு, நமக்கும் ஒரு பத்து நிமிடம் ஓடினால் டாக்டரின் ஆசை இந்தப் பக்கம் திரும்பும் என்று நினைத்தான். டாக்டர் குத்தினார். ஒற்றினார். இன்னொரு தடவை ஒற்றினார்.

"அவ்வளவுதான், எழுந்திருங்க."

"முடிஞ்சிட்ச்சா?"

"ஒரே நிமிஷம். பீடியைக் குறைச்சுக்கோங்க."

நோட்டில் அவன் பெயருக்கு நேரே இரண்டே பொட்டு. அதற்கு மேல் வரியில் வச்சலா என்று எழுதி, பக்கம் நிறையப் பத்தொன்பது சிவப்புப் பொட்டுகள். ஒவ்வொன்றையும் அந்த மனுஷன் வரிசையாக, அழகாக ஒட்டி வைத்திருந்தார். நீலமேகத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுடைய எதையும் யாரும் இப்படி ஒட்டிவைத்துப் பார்த்ததில்லை, அவன் உட்பட.

இவன் உட்கார்ந்ததில் விஷயம் இன்னும் முற்றியது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, புருஷனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்பதரை. அப்படியானால் மீன் காரணம் இல்லை, இந்த அம்மாவின் ரத்தத்திலேயே என்னவோ இருக்கிறது என்று டாக்டர் தீர்மானித்துவிட்டார். செங்கற்பட்டு ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்க வைத்து எல்லாச் சோதனையும் செய்ய வேண்டும், வருகிற திங்கட்கிழமை ஜீப்பிலேயே அழைத்துப் போகிறேன் என்றார். கூட ஆள் தங்க முடியாது. சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை வந்து பார்க்கலாம்.

"வர்றேன் டாக்டரே" என்றாள் வச்சலா. புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அன்று முழுக்க நீலமேகம் வீட்டில் சத்தம் போட்டான். ஜீப்பில் முன் சீட்டா பின் சீட்டா என்று டிரைவரைப் போய்க் கேட்டுவிட்டு வந்து, முன் சீட்டு என்று தெரிந்ததும் இன்னும் சத்தம் போட்டான். வச்சலா பாட்டுக்குப் பையில் இரண்டு புடவையை மடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதாக, கல்யாணத்துக்குப் போனால் மட்டும் கட்டுகிற அரக்குப் புடவையையும் எடுத்து வைத்தாள்.

அதைப் பார்த்ததும் நீலமேகத்தின் குரல் இறங்கிவிட்டது. கோபமெல்லாம் போய்ப் பயம் மட்டும் மிஞ்சியது. பத்து நாள் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். யாரிடம் பேசுவான்? பதினோராவது நாள் அவள் திரும்பி வருவாள் என்பது என்ன நிச்சயம்? தான் குள்ளம், தலையில் பாதி வழுக்கை, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மீன் வாசனை போகாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டே இருந்தான்.

"வச்சலா, போவ வாணாம்" என்று மெதுவாகச் சொன்னான். அவன் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை, ஆகையால் தன்னிடம்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பையை மூடிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில்தான் அவனுக்குத் தனகோடியின் ஞாபகம் வந்தது. தலைவலி மாத்திரை. ஒரே ஒரு மாத்திரை போட்டதற்கு, பத்து நாள் கழித்து வா என்று டாக்டர் தனகோடியைத் துரத்தியடித்தாரே. இது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை? ஒரு மாத்திரையைப் பொடி பண்ணி வச்சலாவின் காப்பியில் கலந்துவிட வேண்டியது. ஜீப் வந்து நின்றதும், டாக்டரே, இவள் மாத்திரை போட்டிருக்கிறாள் என்று சொல்லிவிட வேண்டியது. டாக்டர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். பத்து நாள் கழித்து வந்தால் இன்னொரு மாத்திரை.

சட்டையைக்கூடப் போடாமல் மாரியம்மாவின் பெட்டிக்கடைக்கு ஓடினான். வலைக் கொட்டகைக்கு நேர் எதிரே இருந்தது கடை. கல்பாக்கம் ரோடு திரும்புகிற இடத்தில் ஜீப் வருகிற புழுதி தெரிந்தது.

"மாரியம்மா, தலவலி மாத்திர ஒண்ணு குடு. சீக்கிரம்."

மாரியம்மா வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தாமல், மாத்திரை ஒன்றுகூட இல்லை, நாளைக்குத்தான் சரக்கு வரும் என்றாள்.

"இன்னாது, ஒண்ணுகூடவா இல்ல? ஊருல யாருக்கு அவ்ளோ தலவலி?"

"எல்லாத்தையும் உம் பொஞ்சாதிதான் வாங்கினு பூட்ச்சி, அண்ணாத்த. வாரா வாரம் அதான் வாங்குது."

நீலமேகம் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாசமாக அவள் ஒருநாள்கூடத் தலை வலிக்கிறது என்று சொன்னதில்லை. ஜீப் கொட்டகை வாசலில் வந்து நின்றது. வச்சலா பையோடு அங்கே தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

"அவளுக்கு இன்னா தலவலி?" என்றான்.

மாரியம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "தலவலியெல்லாம் ஒண்ணும் இல்ல. மாத்திர போட்டாதான் ரத்தம் லேட்டா நிக்குதாம், அது நிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்காம குந்தினு கீறியாம். பன்னெண்டு வருசத்துல அந்த ஒம்போதர நிமிசந்தான் அதுக்கு லீவாம்."