கல்லண்ணனும் என் இரண்டு கிட்னியும்

ஒரு சனிக்கிழமை காலை, என் இரண்டு கிட்னியும் சேர்ந்து ராஜினாமா செய்துவிட்டன என்று நான் மனதார நம்பினேன். கழிவறையில் சிறுநீர் சிவப்பாகப் போனதுதான் ஆதாரம். நம்ப வைத்தவர் கல்லண்ணன்.

ஒரே ஒரு கிட்னிக் கல்லை வைத்துக்கொண்டு எங்கள் தேக்கா வட்டாரம் முழுவதையும் இடுப்பைப் பிடிக்க வைத்த மனிதர் அவர். அங்கே சந்தையின் மாடியில் அவருக்குத் தையல்கடை. கல் வந்து போனதிலிருந்து, தொங்கும் ரவிக்கைகளுக்கு நடுவே நின்று தினமும் தன் உடம்பைப் பற்றி வீடியோ போடுவார். இடது இடுப்பு வலித்தது என்பார். மாலைக்குள் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டில் எல்லாரும் இடதுபக்கம் சாய்ந்து நிற்பார்கள். தலை சுற்றியது என்றால், வீடியோ முடிவதற்குள் எனக்குச் சுற்றிவிடும்.

அந்த வாரம் சொல்லியிருந்தார்: “சிவப்பா போச்சு. சூடுன்னு விட்டுட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன்.”

அவருக்கே போன் செய்தேன். “அண்ணே, எனக்கும் வந்துருச்சு.”

“வலி இருக்கா?”

“நீங்க கேட்டதும் இருக்கு.”

நான் ஓடிய அரசு பாலிகிளினிக்குக்கு அவரும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தார். நான் அவர் கையைப் பிடித்து, என் மகள் கல்யாணத்தை நீங்கள்தான் முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவள் தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள். அவரும் கண் கலங்கி, சரி என்றார்.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா கேட்டார்: “நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“டிராகன் பழம். உள்ளே சிவப்பா இருக்குமே, அது.”

“எவ்வளவு?”

“ஒரு பை. கிட்னிக்கு நல்லதுன்னு…”

பாதியில் நிறுத்திக் கல்லண்ணனைப் பார்த்தேன். அப்படிச் சொன்ன வீடியோவும் அவருடையதுதான். அவர் மிகுந்த சிரத்தையோடு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“ரத்தம் எதுவும் இல்ல. பழத்தோட கலர்தான்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா வந்து காட்டினது நல்லதுதான்.”

வெளியே வந்ததும், இதையும் வீடியோவாகப் போடக் கல்லண்ணனிடம் சொன்னேன். “வேணாம்லா,” என்றார். “ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.” பழத்தைப் பற்றிய வீடியோவை அங்கேயே நின்று நீக்கினார்.

எனக்கு வந்தது வெறும் பழச்சாயம். பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது: என் போன் வந்ததும் கல்லண்ணன் கடையைப் பூட்டாமலே ஓடி வந்திருக்கிறார்.