ஒண்ணுமில்லைக்காரர் மலை ஏறுகிறார்

உயர்ந்த மலைகளில் பனிச்சிறுத்தையைப் பார்ப்பது அபூர்வம். ஒண்ணுமில்லைக்காரரைப் பார்க்காமல் திரும்புவது அதைவிட அபூர்வம்.

அடிவாரத்து விடுதியிலேயே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். மேலே போகப் போகக் காற்று மெலியும், தலை வலிக்கும், வாந்தி வரும், தூக்கம் போய்விடும், மெதுவாக ஏற வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், முக்கியமாக எதையும் மறைக்கக் கூடாது என்று முன்பின் தெரியாதவர்களை எல்லாம் நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பவர் அவர்தான். இந்த விதிகள் எல்லாருக்கும் பொருந்தும். அவருக்குப் பொருந்தாது. ஏனென்று கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல, எங்க குடும்பத்துக்கே நுரையீரல் பெருசு" என்பார். யார் அளந்தது என்று கேட்டு அவர் மனத்தைப் புண்படுத்தாதீர்கள்.

அவருடைய மொழி கொஞ்சம் பழக வேண்டும். பாறைக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றபடி "ஆஹா, என்ன காட்சி!" என்றால், இனி ஓரடி எடுத்துவைக்க முடியாது என்று பொருள். "ராத்திரி லைட்டாத்தான் சாப்பிடுவேன்" என்றால் குமட்டுகிறது. "இந்தத் தொப்பி இறுக்கம்" என்றால் மண்டை பிளக்கிறது. வாந்தியே எடுத்துவிட்டால்? பழி சூப்பின் மேல்! அந்தச் சமையல்காரரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும்.

இந்த இனத்தில் நான் பார்த்த உயர்ந்த மாதிரி ஒரு பல் டாக்டர். வலியைப் பொறுத்துக்கொண்டு தாமதமாக வருகிறவர்களை, "இவ்வளவு நாள் என்னய்யா பண்ணிட்டிருந்தே?" என்று வாயைத் திறக்க வைத்துவிட்டுத் திட்டுவதில் பெயர் பெற்றவர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. உண்மையில் அந்த மலை அந்த அம்மாவின் ஆசை. பல வருஷமாக விடுமுறையைச் சேர்த்துவைத்து, தினமும் விடியற்காலையில் ஓடி, உடம்பைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். டாக்டர் கூட வந்தது, அவரே சொன்னபடி, "ஒரு பாதுகாப்புக்கு".

எங்கள் வழிகாட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. குளிரில் யாரையும் வெளியே இழுக்காமல், காலையில் கூடாரத்துக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை உள்ளே நீட்டுவார். உள்ளே இருப்பவர்கள் படுத்தபடியே ஒவ்வொருவராக விரலைக் கொடுக்க வேண்டும். எண் சரியாக இருந்தால் அன்று ஏறலாம். இல்லையென்றால் இறங்க வேண்டியதுதான். மேல் முகாமுக்கு வந்ததிலிருந்து டாக்டர் தம்பதியின் கூடாரத்தில் மட்டும் இரண்டு விரலுக்கும் ஒரே எண்.

"சூப்பர் சார்! ஒருத்தரைப் பார்த்தா இன்னொருத்தரைப் பார்க்கவே வேண்டாம்" என்றார் வழிகாட்டி.

"நான்தான் சொன்னேனே, ஒண்ணுமில்லன்னு" என்று உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது.

அன்று உச்சிக்குக் கிளம்ப வேண்டும். எல்லாரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தோம். டாக்டர் ஒரு கையுறையை எடுத்து, மிகுந்த கவனத்தோடு, காலில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் சின்னதா கொடுத்துட்டாங்க. வேற ஒண்ணுமில்ல."

வழிகாட்டி சிரிக்கவில்லை. பனியில் குச்சியால் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் நடக்கச் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து புறப்பட்டார், கோட்டை விட்டு விலகினார், நேராகச் சமையல் கூடாரத்தின் மேல் போய்ச் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"காத்து தள்ளிடுச்சு" என்றார். ஓர் இலைகூட அசையவில்லை. அசைய அங்கே இலையும் இல்லை.

"மூளையில நீர் கோக்குது" என்றார் வழிகாட்டி. "இப்பவே இறக்கலேன்னா உயிருக்கே ஆபத்து. ஆனா காலைல நம்பர் நல்லாத்தானே இருந்துச்சு?"

சத்தியமாக எனக்குப் பயமாகிவிட்டது. டாக்டருக்கு? அவர் மனைவியை இரக்கத்தோடு பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்ல. இவளுக்குத்தான் முடியல, பாவம். சொல்லக் கூச்சப்படறா. இவளுக்காக வேணா நான் இறங்கறேன்."

எல்லார் பார்வையும் அந்த அம்மா பக்கம் திரும்பியது. ஒரு தலையசைப்பு போதும். டாக்டரின் மானம் தப்பிவிடும். அந்த அம்மா தலையசைத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அந்த ரெண்டு விரலும் என்னோடது" என்றார் ஆசிரியை, மைதானத்தில் பேசும் குரலில். "தன் கை சில்லுனு இருக்கு, மிஷின் தப்பாக் காட்டும், உன் விரலையே நீட்டுன்னார். நீட்டினேன். அது என் தப்பு. எனக்குத் தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முடியாதது இவருக்கு. இவரைக் கீழ கொண்டுபோய்ச் சேர்த்துட்டு நான் திரும்பி வந்து ஏறுவேன். எழுந்திருங்க!"

டாக்டர் எழுந்தார். ஆக்சிஜன் உருளையும் உதவியாளும் கூடவர, ஒரு பக்கம் மனைவி தாங்கிப் பிடிக்க, வழியெல்லாம் "மெதுவா நட, உனக்கு மயக்கம் வரும்" என்று அந்த அம்மாவுக்கே புத்தி சொல்லிக்கொண்டு இறங்கினாராம். கீழே மருத்துவமனையில் உயிர் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்களாம். அவர் எழுந்து உட்கார்ந்து சூப்பைக் குறை சொல்லத் தொடங்கியதும், அந்த அம்மா பூட்ஸைக் கட்டிக்கொண்டு அடுத்த குழுவோடு மேலே போய், உச்சியைத் தொட்டுவிட்டு வந்தார்.

இப்போது அந்த அம்மா உச்சியில் நிற்கும் படம் டாக்டரின் கிளினிக்கில் பெரிதாக மாட்டியிருக்கிறது. "நான்தான் போயிட்டு வான்னு அனுப்பி வெச்சேன். கீழ ஒருத்தர் இருந்து கவனிச்சுக்கணும் இல்லையா?" என்று நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் விளக்குகிறார். வாய் முழுக்கப் பஞ்சு. எதிர்க்கேள்வி எப்படி வரும்?

உங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை. நீங்கள் மலைப்பக்கமே போகாதவர். மூன்றாவது மாடிக்கு ஏறும்போது நடுப்படியில் நின்று செல்போனை உற்றுப் பார்க்கிறீர்களே, அது ஏதோ அவசரச் செய்தியாகத்தான் இருக்கும். இதைப் படிக்கும்போதே தெரிந்தவர் ஒருவரின் முகம் கண்முன் வந்து, அவருக்கு இதை அவசியம் அனுப்ப வேண்டும் என்று தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதலில் உங்கள் போனைத் திறந்து பாருங்கள். அவர் உங்களுக்கு இதை எப்போதோ அனுப்பியிருப்பார்.